பாவு நீட்டிய தெரு

(திண்டுக்கல்லில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'ஆப்பிரிக்கக் கடற்கரை மீனவர்களின் அழியும் மொழி' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், நம்ம ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ராமேஸ்வரம் போறப்ப பாக்குறதோட சரி" என்றார். நியாயமான கேள்விதான். மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று பார்த்தாலும் நமக்குத் தெரிவது சிறுமலையும், மேற்கே பழனி மலைத்தொடரும், நடுவில் மழைக்கு ஏங்கிக் கிடக்கும் சமவெளியும்தான். பூட்டு, புகையிலை, தோல், பிரியாணி என்று நம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவற்றில் மீன்வலைக்கு இடமே இல்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கே சுற்றினாலும் நம் ஊர் நாகல்நகருக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

மொசாம்பிக் நாட்டின் வடகோடியில் காபோ டெல்காடோ என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் கரையோரத்திலும், அதை ஒட்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் கிரிம்பாஸ் தீவுகளிலும் வாழ்கிற மீனவர்கள் பேசும் மொழிக்குக் கிம்வானி என்று பெயர். 'ம்வானி' என்றால் கடற்கரை. அந்த மக்கள் 'வம்வானி'. அவர்கள் பேசுவது 'கிம்வானி'. கவனித்தீர்களா? நமக்கு ஒருமை, பன்மை, வேற்றுமை எல்லாம் சொல்லின் வாலில் வந்து ஒட்டும். அவர்களுக்குத் தலையில் ஒட்டும். ஆளா, கூட்டமா, மொழியா என்பது முதல் அசையிலேயே தெரிந்துவிடும். கேமரூன் தொடங்கி தென்னாப்பிரிக்கா வரை நூற்றுக்கணக்கான மொழிகளில் இந்தப் பழக்கம் உண்டு. அவற்றைப் பாண்டு மொழிக் குடும்பம் என்கிறோம். 'பாண்டு' என்றால் மனிதர்கள் என்றுதான் அர்த்தம்.

கிம்வானி சுவாஹிலிக்கு மிக நெருங்கிய உறவு. அந்த நெருக்கமே அதற்கு வினையாகவும் ஆயிற்று. "அது தனி மொழி இல்லை, சுவாஹிலியின் கொச்சை" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் போர்த்துகீசியம், சந்தையில் சுவாஹிலியும் மக்குவாவும், படகிலும் வீட்டிலும் கிம்வானி. மூன்று தட்டில் மூன்றாவது தட்டு. அப்படியே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் 2017 அக்டோபர் 5-ஆம் தேதி துப்பாக்கி நுழைந்தது. மொசிம்போவா டா பிராயா என்ற கடற்கரை ஊரில் ஆயுதக் குழுவொன்று காவல் நிலையங்களைத் தாக்கியது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2020-இல் பெம்பா நகரத்தின் பகிட்டெகெட்டெ கடற்கரையில் பாய்மரப் படகுகள் வந்து வந்து ஆட்களை இறக்கின. மீன் பிடிக்கப் போன படகே அகதிப் படகாயிற்று.

இதில் மொழிக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. ஆள் உயிரோடு இருக்கிறார், வாய் இருக்கிறது, மொழி எப்படிச் சாகும்? நம் கரையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் மீனவர்களுக்குக் காற்று என்று பொதுவாக ஒன்று கிடையாது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். சுவாஹிலிக் கரையிலும் அப்படியே. வடகிழக்குப் பருவக்காற்று 'காஸ்காஸி', தெற்கிலிருந்து அடிப்பது 'கூஸி'. எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் படகைக் கரையேற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மடங்கிக் கிடக்கிறது. அந்த மீனவரைக் கொண்டுபோய் உள்நாட்டில் தார்ப்பாய்க் கூடாரத்தில் உட்கார வைத்தால், அவருக்கு அந்தச் சொல் எதற்கு? கூடாரம் பறக்காமல் இருந்தால் போதும். நம்மையே எடுத்துக்கொள்ளுங்களேன். நான்கு காற்றின் பெயரில் இந்த அவையில் எத்தனை பேருக்கு எத்தனை தெரிந்திருந்தது? பயந்துவிடாதீர்கள், கையைத் தூக்கச் சொல்லவில்லை.

இதே கரையில் இன்னும் வடக்கே, சோமாலியாவின் தென்கோடியில், கிஸ்மாயோவுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். அங்கே பஜூனிகள். அவர்களும் மீனவர்கள். ஒரு காலத்தில் ஆணியே அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகையைப் பலகையோடு தைத்து 'ம்டெபெ' என்ற படகைக் கட்டியவர்கள். சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகும் இப்படித் தைத்ததுதான். இரண்டு கரைக்கும் ஒரே தையல். பஜூனிகளின் பேச்சு கிபஜூனி. 1991-இல் சோமாலிய அரசு சரிந்தபோது ஆயுதம் வைத்திருந்தவர்கள் இவர்களை விரட்டினார்கள். கென்யாவுக்கு, அங்கிருந்து பிரிட்டனுக்கு என்று சிதறினார்கள்.

பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அடைக்கலம் கேட்டு வந்தவரிடம் கடவுச்சீட்டு கிடையாது, பிறப்புச் சான்று கிடையாது. அவர் உண்மையிலேயே பஜூனிதானா, இல்லை கென்யாவிலிருந்து வந்து பஜூனி என்று சொல்லிக்கொள்கிறாரா? அதிகாரிக்குத் தெரிந்த ஒரே வழி, பேசச் சொல்வது. கிபஜூனி பேசு, பார்க்கலாம். 2004-இல் அங்கே குடியேற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் இதையே விரிவாக எடுத்துக்கொண்டு விவாதித்தது. வழக்கின் தலைப்பிலேயே கிபஜூனி பேசும் திறன் என்று இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று நான்கு வயதில் அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழந்தை. மொம்பாசாவில் சுவாஹிலி பேசி வளர்ந்தது. வீட்டில் பெரியவர்களும் அக்கம்பக்கத்துக்காகச் சுவாஹிலிக்கு மாறிவிட்டார்கள். இருபது வயதில் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, உன் பாட்டியின் மொழியைப் பேசு, அப்போதுதான் நீ உன் பாட்டியின் பேரன் என்று நம்புவேன் என்றால் அவன் என்ன செய்வான்? எதனால் விரட்டப்பட்டானோ அதனாலேயே மொழியை இழந்தான். மொழி இல்லை என்பதால் விரட்டப்பட்டதையே நிரூபிக்க முடியவில்லை.

சரி, கடல் போதும். கரையேறுவோம்.

குஜராத்தில் சௌராஷ்டிரப் பகுதி இருக்கிறதே, அங்கே சோமநாதர் கோயிலிலிருந்து அதிக தூரமில்லாமல், கிர் காட்டை ஒட்டி ஜம்பூர் என்றொரு கிராமம். அங்கே இருப்பவர்கள் சித்திகள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாக அடிமைகளாகவும், படைவீரர்களாகவும், மாலுமிகளாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் முன்னோரில் பலர் பாண்டு மொழி பேசியவர்கள். இன்று பேசுவது குஜராத்தி. பழைய மொழியில் மிஞ்சியது சில சொற்கள், சில பாட்டு, ஒரு ஆட்டம். அந்த ஆட்டத்துக்குப் பெயர் 'கோமா'. பாண்டு மொழிகளில் 'ங்கோமா' என்றால் மேளம், மேளம் கொட்டி ஆடுவது. ஒரு மொழி முழுக்கக் கரைந்து, அடியில் ஒரு மேளத்தின் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. இலங்கையில் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இருக்கும் காப்பிரிகள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவர்களிடம் ஆப்பிரிக்க மொழி போய், போர்த்துகீசியக் கலப்பு மொழி வந்து, அதுவும் 'மஞ்சா' பாட்டுக்குள் ஒடுங்கி, இப்போது வீட்டில் சிங்களம்.

ஆக, வெளியிலிருந்து சௌராஷ்டிரத்துக்கு வந்தவர்கள் மொழியை இழந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வெளியே போனவர்கள்? அவர்கள்தான் இங்கே நாகல்நகரில் இருக்கிறார்கள். சொன்னேனே, வந்து சேர்ந்துவிடுவேன் என்று.

அவர்களைப் பட்டுநூல்காரர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கஜினி முகமது சோமநாதபுரத்தின் மேல் படையெடுத்த காலத்தில் கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தோம் என்பது அவர்கள் மரபாகச் சொல்லும் வரலாறு. இன்னும் பின்னால் போய், மந்தசோர் கல்வெட்டைக் காட்டுவோரும் உண்டு. குஜராத்தின் தென்பகுதியான லாட தேசத்திலிருந்து, அன்று தசபுரம் எனப்பட்ட மந்தசோருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதை ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அந்த நெசவாளர்தான் இந்த நெசவாளர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு நெசவாளர் குழு ஊர்விட்டு ஊர் சேர்ந்தே போகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த 'சேர்ந்தே' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சித்தியை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் நின்றவன் வேறு கரையில் பிடிபட்டவன், வேறு மொழிக்காரன். பட்டுநூல்காரர் வந்தது பெண்டு பிள்ளைகளோடு, தறியோடு, தெருவோடு. தெருவையே பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து இங்கே விரித்தார்கள்.

அந்தத் தெருவை நான் பார்த்திருக்கிறேன். 1970-களின் தொடக்கம். நாங்கள் இருந்தது நாகல்நகருக்கு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி அந்தத் தெருதான். விடிந்தும் விடியாமலும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவு நீட்டியிருப்பார்கள். குறுக்குக் கட்டைகளின் மேல் ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரு வாய்க்கால் தண்ணீர் மாதிரி கிடக்கும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கஞ்சி தோய்த்த பெரிய தூரிகையை இழுத்துக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். ஏறிவிட்டால் கஞ்சி பாதியில் காய்ந்து இழை முறுக்கிக்கொள்ளும். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நாய்கூடப் பாவுக்கு அடியில் குனிந்து போகும். அப்படிப் பழகியிருந்தது. நடுவில் எங்காவது ஓர் இழை அறுந்தால் ஒரு குரல் எழும். அடுத்த நொடி யாராவது ஓடிவந்து, கண்ணால் தேடி, விரலால் எடுத்து, எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அந்தக் குரல், அந்த வசவு, அந்தச் சிரிப்பு, தூரத்தை எண்ணுவது எல்லாம் அவர்கள் மொழியான சௌராஷ்டிரத்தில். தமிழ் அந்தத் தெருவுக்குள் பத்து மணிக்கு மேல், பாத்திரக்காரரோடும் தபால்காரரோடும்தான் வரும்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்தத் தெரு. அவன் வீட்டில் சோறு 'பாத்', பால் 'தூத்'. எங்கள் வீட்டில் பாணி என்றால் கருப்பட்டிப் பாகு. முதல் நாள் போனபோது அவன் அம்மா வாத்சல்யத்தோடு "பாணி வேணுமாப்பா?" என்று கேட்டார்கள். ஆசையாகத் தலையாட்டினேன். ஒரு செம்பு தண்ணீர் வந்தது. குடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்த வீட்டுக்குப் போன மாதமும் போயிருந்தேன். முன்னறையில் குழித்தறி இருந்த இடத்தில் மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் பதித்து சோபா போட்டிருக்கிறார்கள். கால் வைத்த இடத்தில் ஒரு டைல் மட்டும் லேசாக ஆடியது. "எத்தனை தடவை பூசினாலும் அந்த இடம் இறங்கிடுதுடா" என்றான் தோழன். அவன் தறியை விட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. விசைத்தறி வந்தது, கூலி கட்டவில்லை, தம்பி ஜவுளிக்கடைக்குப் போனான், இவன் கணக்கெழுதப் போனான். பழைய கதைதான், எல்லா நெசவுத் தெருவிலும் கேட்கலாம். சின்னாளபட்டியில் கன்னடம் பேசும் நெசவாளர் வீடுகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் கன்னடத்துக்குப் பின்னால் ஒரு மாநிலம் இருக்கிறது. நம் சமவெளிக் கிராமங்களில் பேசும் தெலுங்குக்கு இரண்டு. சௌராஷ்டிரத்துக்கு இருந்தது தெரு மட்டும்.

அந்த வீட்டில் நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். தோழனும் மனைவியும் தங்களுக்குள் சௌராஷ்டிரம். மகனிடம் சௌராஷ்டிரத்தில் கேட்டால் மகன் தமிழில் பதில் சொல்கிறான். பேத்தியிடம் பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்டாள். பேத்தி இங்கிலீஷும் தமிழுமாகப் பதில் சொன்னாள். ஆனால் பேத்தி சோபாவில் ஏறிக் குதித்தபோது மகன் வாயிலிருந்து வந்தது சுத்தமான சௌராஷ்டிரம். திட்டு மட்டும் அப்பன் மொழியில்தான் வருகிறது.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். அதற்கு முந்தைய கணக்கைவிட அதிகம். இதை வைத்து, எங்கே அழிகிறது, வளர்கிறதே என்று வாதாடுவோர் உண்டு. கணக்கெடுப்பாளர் கேட்டது உங்கள் தாய்மொழி எது என்று. நேற்று உங்கள் பிள்ளையோடு அதில் பேசினீர்களா என்று அவர் கேட்கவில்லை. என் தோழன் வீட்டிலிருந்தும் அந்தக் கணக்கில் அத்தனை தலையும் ஏறியிருக்கும்.

மொழியைக் காப்பாற்ற யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். தொ.மு. ராமராய் போன்றவர்கள் நூறு வருஷத்துக்கும் முன்பே சௌராஷ்டிர எழுத்தில் பாடப் புத்தகம் போட்டார்கள். நடனகோபால நாயகி சுவாமிகள் பாடிய பக்திப் பாடல்கள் இன்றும் மதுரையிலும் இங்கேயும் பஜனையில் ஒலிக்கின்றன. நொரிஹிகோ உசிதா என்ற ஜப்பானிய அறிஞர் 1990-இல் சௌராஷ்டிர - ஆங்கில அகராதி வெளியிட்டார். 2008-இல் யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்துக்குத் தனி இடமே கிடைத்தது. அதில் 'ஹாரு' என்று ஒரு குறி உண்டு. ந, ம, ர, ல போன்ற ஒலிகளை மூச்சுக் காற்றோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இந்த மொழியில் இருப்பதால் அதற்கென்றே ஒரு குறி. தொண்டைக்குள் இருக்கும் அவ்வளவு சின்ன விஷயத்துக்குக்கூடக் கம்ப்யூட்டரில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிடித்த இடத்தில் யார் உட்கார்வது? அங்கேதான் சண்டை. சொந்த எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பார் ஒருவர். தேவநாகரி போதும் என்பார் இன்னொருவர். தமிழ் எழுத்திலேயே க-வுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதிவிடலாமே என்பது மூன்றாவது கட்சி. எனக்கு வெளியாள் என்ற சலுகை உண்டு, அதனால் சொல்கிறேன்: எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், எழுத்துக்காக வீட்டில் பேசுவதை ஒத்திப்போடாதீர்கள். எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், எழுதியது தமிழ். 'வேள்வித் தீ'யில் கும்பகோணத்துத் தறிக்காரர்களை அவர் தமிழில் எழுதியதால் நமக்குக் கிடைத்தார்கள். அவருடைய 'காதுகள்' நாவலுக்கு 1993-இல் சாகித்ய அகாதெமி விருது வந்தது. தமிழுக்குக் கொள்ளை லாபம். டி.எம். சௌந்தரராஜன் குரலும் அப்படி வந்த லாபம்தான். வாங்கிக்கொண்டவர்கள் என்ற முறையில் நமக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது.

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிர - தமிழ்ச் சங்கமம் நடந்தபோது என் தோழனும் மதுரையிலிருந்து கிளம்பிய சிறப்பு ரயிலில் சோமநாதபுரம் போய் வந்தான். மாலை போட்டார்களாம், காலைத் தொட்டுக் கும்பிட்டார்களாம். "உங்க பாஷை புரிஞ்சுதாடா அவங்களுக்கு?" என்று கேட்டேன். "பாணி புரிஞ்சுது. அப்புறம் எல்லாம் கையைக் காட்டித்தான்" என்றான். ஆயிரம் வருஷத்தில் இவர்கள் பேச்சில் மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் தமிழும் சேர்ந்துவிட்டன. அவர்கள் பேச்சு வேறு வழியில் போய்விட்டது. ஒருநாள் ராத்திரி ஆட்டம் ஒன்று காட்டினார்களாம். "நம்ம ஊர் கரகாட்டம் மாதிரி இல்ல, தலையால தேங்காய் உடைக்கிறாங்கடா. கறுப்பா, சுருட்டை முடியோட, ஆனா பேசுறது குஜராத்தி" என்றான். சித்திகள்! மொழியை இழந்தவர்களின் மேளத்தை, மொழியைச் சுமந்துகொண்டு திரும்பிப் போனவன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். யாரைப் பார்த்தான் என்று நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்லயும் கடைசியில பஜனை மட்டும் மிஞ்சும்ங்கிற?" என்றான். நான் காபியைக் குடித்தேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. பாவில் இழை அறுந்ததும் எழுமே ஒரு குரல், அது இன்னும் காதில் இருக்கிறது. அதில் இருந்த சொல் நினைவில் இல்லை. தோழனைக் கேட்டேன். அவனுக்கும் வரவில்லை. "அப்பா சொல்வாரு... வாய்ல நிக்குது" என்றான். வாயிலேயே நின்றுவிட்டது. தறியடியில் புழங்கிய சொற்களைப் போன வருஷத்திலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாவுக்கு, ஊடைக்கு, தார்க்குச்சிக்கு, கஞ்சிப் பதத்துக்கு, கணக்குத் தீர்க்காத முதலாளிக்கு என்று இதுவரை முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் நாலு சொல் கிடைத்தது.

அந்த நோட்டை வாசலில், காபி வைத்திருக்கும் மேசையின் மேல் வைத்திருக்கிறேன். நாகல்நகர்க்காரர்கள் சில பேர் வந்திருப்பதைப் பார்க்கிறேன். போகும்போது உங்கள் தாத்தா பாட்டி தறியடியில் சொன்ன ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போங்கள். தமிழ் எழுத்தே போதும், எண் போட வேண்டியதில்லை. வாயால் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். பேனாவை நோட்டோடு நூலில் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், நூல் ஏற்கெனவே ஒருமுறை அறுந்து முடிச்சுப் போட்டது.